சாம்பல் போட்டுக் கழுவிய பானை

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கே காபித் தட்டை வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேனாம். என் அம்மா அதைச் சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொள்வாள். அப்படிப்பட்டவளைக் கொண்டுவந்து ஜவ்வாது மலையில் ஒரு மண்பானைக்குக் காவல் போட்டார்கள் என்றால், ஆண்டவருக்கும் கேலி செய்யத் தெரியும் என்றுதானே அர்த்தம்?

காவலூரில், வானத்தைப் பார்க்கிற ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகும் சாலையோரம் எங்கள் வீடும் ரொட்டி அடுப்பும் இருந்தன. செவ்வாய்க்கிழமையும் சனிக்கிழமையும் நிலையத்துக் கேன்டீனுக்கு ரொட்டி கொடுப்போம். அடுப்பு மூட்டுவது, பிசைவது, சுடுவது எல்லாம் வீட்டுக்காரர் பாடு. சுடாத நாட்கள் என் பாடு. சுடாத நாளில் ரொட்டிக்காரிக்கு என்ன வேலை என்று கேட்டவர்கள் நிறையப் பேர். கேட்டவர்களை ஒரு வாரம் என் பானையோடு விட்டுவிட்டு நான் எங்கேயாவது போயிருக்க வேண்டும்.

பானைக்குள் இருந்தது கமீர். என் வீட்டுக்காரர் வாணியம்பாடியில் ஒரு பாயிடம் ரொட்டி வேலை கற்றுக்கொண்டவர். ரொட்டியை எழுப்புகிற புளித்த மாவுக்கு அங்கே அதுதான் பேர். தனியாக அடுப்புப் போடப் போகிறேன் என்று இவர் சொன்னபோது, பாய் ஈரத்துணியில் ஓர் உருண்டையை முடிந்து கொடுத்து, "நீ சோறு மறந்தாலும் இதுக்கு மாவு மறக்காத" என்றாராம். அதை மறக்காமல் இருக்கும் பொறுப்பை இவர் அப்படியே என் தலையில் கட்டிவிட்டார்.

வேலை என்று பார்த்தால் பெரிதில்லை. எலுமிச்சம்பழ அளவு கமீரைக் கிள்ளி எடுத்துக்கொண்டு, மீதியைத் தள்ளிவிட்டு, புது மைதாவும் தண்ணீரும் சேர்த்துக் கெட்டியாகப் பிசைந்து பானையில் போட்டு ஈரத்துணி கட்ட வேண்டும். தள்ளாமல் மாவு போட்டுக்கொண்டே போனால் வீடு கொள்ளாது. தளரப் பிசைந்தால் சீக்கிரம் புளித்து ஓய்ந்துவிடும், கெட்டியாக இருந்தால் தாங்கும். வெயில் காலத்தில் தண்ணீர்ப் பானைக்கு அடியில் கிடக்கும் ஈர மணலில் புதைத்து வைப்பேன். மார்கழியில் கோணியில் சுற்றி அடுப்புச் சுவரை ஒட்டி வைப்பேன். ஒட்டி என்றால் படாமல். பட்டால் வெந்துவிடும். உப்புக் கை ஆகாது. சுடுவதற்கு முந்தின நாள் ஒரு துண்டு கிள்ளித் தண்ணீரில் போட்டுப் பார்ப்பேன். மிதந்தால் மறுநாள் ரொட்டி உண்டு. முழுகினால் அன்றைக்கு வீட்டில் சண்டை உண்டு.

இதனால் நான் எங்கேயும் ராத்தங்க முடியாது. மலையடிவாரத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனாலும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும். சொந்தத் தம்பி கல்யாணத்தில், சாமியார் மந்திரிக்கத் தாலியைக் கையில் எடுத்தபோது, பானைத் துணி காய்ந்திருக்குமோ என்று யோசித்துக்கொண்டு மாதா கோயிலில் நின்றவள் நான். இந்தப் பானையைப் போட்டு உடைத்தால் என்ன என்று எத்தனை தடவை ஆத்திரம் வந்திருக்கிறது! ஆனால் உடைத்தால் எங்கே போய் நிற்போம் என்று எனக்குத் தெரியும். ஒடுகத்தூரில் போய் நிற்போம்.

ஒடுகத்தூரில் வீட்டுக்காரரின் அண்ணனுக்கு மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை வியாபாரம். கல்யாணமான புதிதில் அந்த வீட்டில்தான் இருந்தோம். மல்லாட்டை மூட்டைகளுக்கு நடுவில் எங்கள் படுக்கை. மண்டி ஆட்களுக்கும் சேர்த்து நான் சமைக்க வேண்டும், எல்லாரும் சாப்பிட்ட பிறகு நான் சாப்பிட வேண்டும், குழம்புக்கு எவ்வளவு புளி என்பதைக்கூட ஓரகத்தியைக் கேட்டுத்தான் கரைக்க வேண்டும். ஓரகத்தி கெட்டவள் இல்லை, அதுதான் தொல்லை. கெட்டவளாக இருந்தால் சண்டை போட்டுவிட்டு மனசாறக் கிளம்பியிருக்கலாம். அவள் நம் கையில் இருக்கிற வேலையைப் பாசமாகப் பிடுங்கித் தானே செய்வாள். பிறகு நாலு பேரிடம், "இவளுக்கு ஒண்ணும் தெரியாது, பாவம்" என்பாள். மலைக்கு வந்த பிறகுதான் என் குழம்புக்கு என் புளி என்று ஆயிற்று. கேன்டீன் ரொட்டி நின்றால் அதுவும் நின்றுவிடும்.

அந்த வருஷம் பங்குனியில் ஓரகத்தி எங்களைப் பார்க்க வந்தாள். மண்டியில் ஆள் போதவில்லை, நீங்கள் இருவரும் கீழே வந்துவிட்டால் நல்லது என்று வந்த அன்றைக்கே ஆரம்பித்தாள். மறுநாள் நான் மைதா மூட்டை வாங்க ஒடுகத்தூர் போனேன், வீட்டுக்காரர் விறகுக்குப் போனார். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போதே எங்கள் வேலிக் கொம்பில் ஏதோ கவிழ்த்திருப்பது தெரிந்தது. கிட்டே வந்து பார்த்தேன். என் பானை.

மூட்டையை அப்படியே தெருவில் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

"அக்கா, இந்தப் பானையில..."

"அத்த ஏன் கேக்குற! இன்னா நாத்தம், இன்னா நாத்தம்! பொம்பள இருக்கிற வூடா இது? சாம்பல் போட்டுத் தேய்ச்சு, வெந்நி ஊத்திக் கழுவி வெச்சிருக்கேன். இப்ப மோந்து பாரு."

மோந்து பார்த்தேன். ஈர மண் வாசனைதான் வந்தது. உள்ளே இருந்த மாவு எங்கே என்று கேட்டேன். கோழிக்குப் போட்டாளாம். பானையின் வாயில் கட்டியிருந்த துணியைக்கூட விடவில்லை, சோடா உப்புப் போட்டு வேகவைத்துத் துவைத்துக் கொடியில் காயப்போட்டிருந்தாள்.

"மாவுதானே, போனா போவுது. புதுசா பெசஞ்சுக்க" என்றாள்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத மாட்டேன், அது தவக்காலம். வீட்டுக்காரர் விறகுக்கட்டோடு வந்து சேர்ந்தார், விஷயத்தைக் கேட்டார், கொடியில் ஆடும் துணியைப் பார்த்தார். "வுடு, பாத்துக்கலாம்" என்று என்னிடம்தான் சொன்னார். அண்ணி முன்னால் அவர் குரல் உயர்ந்து நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமைக்கு ஆப்பசோடா போட்டுச் சுட்டார். ரொட்டி மஞ்சளாக, சவுக்கார வாசனையோடு வந்தது. கேன்டீனில் ஒரு துண்டு கடித்துப் பார்த்துவிட்டுக் கூடையோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைகூடப் பார்க்காமல் வாணியம்பாடிக்கு ஓடினார். பாய் காலமாகிவிட்டிருந்தார். மகன்கள் அடுப்பை இடித்துவிட்டுச் செருப்புக்கடை வைத்திருந்தார்கள். கொஞ்சம் கள் விட்டால் மாவு எழும்பும் என்பது இவருக்குத் தெரியும். ஆனால் கள்ளுக்கடைகளை மறுபடி மூடியிருந்த காலம் அது. கள்ளைத் தேடிப் போய்ப் போலீசில் மாட்டுவதற்கு எங்களுக்குத் தைரியமில்லை. நான் மைதாவில் வெல்லம் கரைத்து வைத்துப் பார்த்தேன். அது நாறியதே தவிர எழும்பவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் வெறுங்கையோடு போய் நின்றார். கேன்டீன் மேனேஜர் நல்ல மனிதர்தான். "சனிக்கிழமை வெளியூர்லேர்ந்து ஆளுங்க வர்றாங்க. அன்னைக்கு ரொட்டி வந்தா நீங்க. வரலைன்னா ஒடுகத்தூர் பேக்கரிக்குச் சொல்லிடுவேன். தப்பா நினைச்சுக்காதீங்க" என்றாராம். தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? அவருக்கு அவர் பாடு.

வீட்டில் ஓரகத்தி என் பாத்திரங்களை எடுத்து அடுக்க ஆரம்பித்துவிட்டாள். "ஞாயித்துக்கிழம மண்டி லாரி மேல வருது. புளி மூட்டையோட உங்க சாமானையும் ஏத்திடலாம். எதுக்கு இங்க கெடந்து கஷ்டப்படணும்?" என்றாள். அவள் ஆணியிலிருந்து எடுத்த கரண்டியை நான் திரும்ப ஆணியில் மாட்டினேன். மறுபடி எடுத்தாள். மறுபடி மாட்டினேன். அதற்கு மேல் வீட்டுக்குள் இருந்தால் கை நீட்டிவிடுவேன் என்று பயந்து வெளியே வந்து, குட்டி போட்ட பூனை மாதிரி அடுப்புக்கும் வேலிக்கும் நடந்தேன்.

அப்படி நடந்தபோதுதான் பக்கத்து வீட்டுக்காரி தன் கொல்லையில் கேழ்வரகு மாவு கரைப்பது கண்ணில் பட்டது. மலைக்காரி, என் வயசுதான் இருக்கும். சாமையும் கேழ்வரகும் போட்டு, புளி உலுக்கி விற்கிற குடும்பம். சாயங்காலம் மாவைக் கரைத்து வைத்தால் காலைக்குள் புளிக்கும், அப்புறம் கூழ் காய்ச்சுவாள். அந்தக் கரைசல் பானையை அவள் ஒருநாளும் முழுசாகக் கழுவ மாட்டாள். அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்து அதன் மேலேயே புது மாவைக் கரைப்பாள். பார்த்துக்கொண்டே நின்றேன். சட்டென்று மண்டையில் உறைத்தது.

நான் தள்ளிவிடும் கமீர் இத்தனை நாள் எங்கே போனது? அந்தப் பானைக்குள்தான்! "இத்தினி மாவ யாராச்சும் கொட்டுவாங்களாமே? இங்க குடு, கூழுக்கு ஆவும்" என்று வேலிக்கு மேலே கை நீட்டி வாங்கிக்கொள்வது அவள் வழக்கம். போன வாரம்கூட வாங்கினாள். இங்கே செத்தது அங்கே கேழ்வரகு தின்றுகொண்டு சௌக்கியமாக இருக்கிறது!

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேலியைத் தாண்டப் போனேன். "தாண்டாதமே!" என்று அலறினாள். அப்போதுதான் அவள் வாசலில் செருகியிருந்த வேப்பிலையைப் பார்த்தேன். மூத்த பெண்ணுக்கு அம்மை போட்டிருப்பது எனக்குத் தெரிந்ததுதான். என் கவலையில் அது மறந்தே போயிருந்தது. காலை இறக்கிக்கொண்டு, நடந்ததையெல்லாம் அங்கிருந்தே சொன்னேன்.

"உன் கரைசல்லேர்ந்து ஒரே ஒரு கை குடுமே. என் கமீரு அதுல கீது."

"அம்மா வூட்டுல கீறா. பொண்ணு தலைக்கு மூணாந் தண்ணி ஊத்துற வரைக்கும் ஒரு பொருளும் வெளியே போவக் கூடாது. அடுப்பு நெருப்பு கேட்டாக்கூட குடுக்க மாட்டேன்."

"மூணாந் தண்ணி எப்போ?"

"வெள்ளிக்கெழம காலையில."

வெள்ளிக்கிழமை ஒரு கை கேழ்வரகுக் கரைசலை வாங்கி, மறுநாள் ரொட்டிக்கு வேண்டிய கமீராக்குவது நடக்கிற காரியமில்லை. தினம் மைதா போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வளர்க்க முடியும். அதை விளக்கிச் சொன்னேன். கெஞ்சினேன். கெஞ்சிப் பழக்கமில்லாததால் பாதியிலேயே கோபம் வந்துவிட்டது.

"எங்களுக்கு இதுல நம்பிக்கை இல்லமே. குடுத்தா ஒண்ணும் ஆவாது."

"உனக்கு இல்லன்னா போ. எனக்கு கீதுல்ல? படுத்திருக்கிறது என் பொண்ணுமே."

திரும்பி வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். கரைசல் பானை கொல்லையில்தானே இருக்கிறது, அவள் உள்ளே போன நேரம் பார்த்து ஒரு கை அள்ளிக்கொண்டு வந்துவிடட்டுமா என்று கேட்டார். அண்ணியிடம் வாய் திறக்காதவருக்கு இதில் மட்டும் வீரம். "அந்தப் பானையில கைய வெச்சீங்கன்னா அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்றேன். அந்தப் பெண்ணுக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால், ஆயுசுக்கும் அந்த வேலிப் பக்கம் எந்த முகத்தோடு திரும்புவேன்?

விளக்கு வைக்கிற நேரத்தில் அவளே வேலியோரம் வந்து என்னைக் கூப்பிட்டாள்.

"ஏம்மே, வெளியேதான் போவக் கூடாது. உள்ள வரலாம்ல?"

"இன்னாது?"

"உன் மைதாமே. அந்தக் கல்லு மேல வெச்சிட்டுத் தள்ளி நில்லு. இன்னா செய்யணும்னு அங்கிருந்தே சொல்லு. நான் இங்கயே வளத்து வெக்கிறேன், தண்ணி ஊத்தினதும் மொத்தமா எட்த்துக்கினு போ."

அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. நடுவில் வேலி இருந்ததால் மைதாவைக் கல்லின் மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன்.

அடுத்த நாட்களை எப்படித் தள்ளினேன் என்று கேட்காதீர்கள். நானே தொட்டு, கிள்ளி, மோந்து பார்த்து வளர்த்த பொருள் அடுத்தவள் வீட்டுக்குள் இருக்கிறது. என்னால் எட்டிப் பார்க்கக்கூட முடியாது. காலையிலும் சாயங்காலத்திலும் வேலியோரம் நின்று கத்துவேன். உப்புக் கை இல்லையே? இல்லை. பாதியைத் தள்ளினாயா? தள்ளினேன். கெட்டியாகப் பிசைந்தாயா? "உன் நெஞ்சு மாதிரி கெட்டியாத்தான் கீது, போமே" என்பாள். நடுவில் ஒரு தடவை, "மேல கொப்புளம் வந்திருக்கா?" என்று கேட்டுவிட்டேன். அவள் பதறிப்போய் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மை போட்டிருக்கும் வீட்டில் அந்தச் சொல் ஆகாது, முத்து என்றுதான் சொல்ல வேண்டுமாம். சரி என்று அதிலிருந்து, "முத்து போட்டிருக்கா?" என்று கேட்டேன். "அங்கங்க போட்டிருக்கு" என்பாள். என் பின்னால் ஓரகத்தி, இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் கல்லின் மேல் வைத்த மைதா அப்படியே கிடந்தது. கூப்பிட்டேன். வெகு நேரம் கழித்துக் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். சின்னதுக்கும் உடம்பு சுடுகிறது என்றாள். அதற்கும் அம்மை போட்டுவிட்டால் மறுபடி முதல் தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும். வீட்டிலிருந்து ஒன்றும் வெளியே வராது. அவள் குழந்தையின் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள், திரும்ப முதுகைப் பார்த்தாள். அழுகிறாளா என்று இருட்டில் தெரியவில்லை. நான் மைதாவைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்காமலேயே, "உன் மாவுக்குக் கொஞ்சம் மொதல்லியே எட்த்து வெச்சிருந்தேன், போட்டுட்டேன்மே" என்றாள்.

அன்றைக்கு ஜெபமாலையை முழங்காலில் நின்று சொல்ல முடியவில்லை. நடந்துகொண்டே சொன்னேன். மாதாவே, அந்தக் குழந்தையின் முதுகில் முத்து வரக் கூடாது, பானையில் வர வேண்டும். குழந்தைக்காக வேண்டுகிறேனா, ரொட்டிக்காக வேண்டுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டுக்கும்தான். மாதாவும் வீட்டு வேலை செய்தவள்தான், அவளுக்குப் புரியும் என்று தைரியம் சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் வீட்டிலிருந்து தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. சின்னதுக்கு வெறும் சளிக்காய்ச்சல்தான், விடிவதற்குள் இறங்கிவிட்டது. பெரியவளுக்கு மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றிவிட்டு, தானும் குளித்து, ஈரம் சொட்டும் தலையோடு பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கே வந்துவிட்டாள்.

துணியை அவிழ்த்தேன். வெள்ளையாக இல்லை. மங்கலாக, கேழ்வரகுத் துகள் புள்ளி புள்ளியாகத் தெரிய, பானையின் கழுத்து வரை எழும்பி நின்றது. ஒரு துண்டு கிள்ளித் தண்ணீரில் போட்டேன். அது கொஞ்சம் அமிழ்ந்து, உடனே மேலே வந்து மிதந்தது. நான் வாய்விட்டு அழுதேன். அவளும் அழுதாள், அவள் பெண் பிழைத்ததற்கு.

ஓரகத்தி எட்டிப் பார்த்தாள். "இன்னா கண்றாவி இது? சேறு மாதிரி கீது. இதுக்கா இந்த ஆர்ப்பாட்டம்?" என்று பானைப் பக்கம் கையை நீட்டினாள்.

"அண்ணி, அத்த தொடாதீங்க" என்றார் என் வீட்டுக்காரர். கத்தவில்லை. ஆனால் சொல்லிவிட்டார். ஓரகத்தி கையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள், நானா சொல்லிக் கொடுத்தேன் என்பது போல.

சனிக்கிழமை ரொட்டி கொஞ்சம் பழுப்பாக வந்தது, மேல் தோல் மொறுமொறுவென்று இருந்தது. நானும் கூடையோடு கேன்டீனுக்குப் போனேன், வீட்டில் இருந்தால் செத்திருப்பேன். மேனேஜர் ஒரு துண்டு அறுத்து வாயில் போட்டார். மென்றார். "ஏன் கலர் மாறியிருக்கு?" என்றார். "மலைக் கமீருங்க சார்" என்றார் இவர். மேனேஜர் இன்னொரு துண்டு அறுத்தார். அதையும் தின்று முடித்துவிட்டு, "செவ்வாய்க்கிழமையும் இதையே கொண்டு வாங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்த மண்டி லாரியில் புளி மூட்டையும் ஓரகத்தியும் கீழே போனார்கள். போகும்போதும் பாசமாகத்தான் போனாள். ஆணியிலிருந்து எடுத்து அடுக்கியதையெல்லாம் நான் திரும்ப மாட்டி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு கமீரைப் புதுப்பிக்கும்போதெல்லாம், தள்ளுகிற பாதியைச் சும்மா தள்ளுவதில்லை. அதுவும் கமீர்தான் என்று சொல்லி, கூடக் கொஞ்சம் மைதாவும் சேர்த்து, வேலிக்கு மேல் கொடுப்பேன். அவள் வீட்டு மூலையில் அதற்கென்று ஒரு சின்னப் பானை இருந்தது. செவ்வாயும் சனியும் அவள் வீட்டுக்கு ஒரு ரொட்டி போகும். பிள்ளைகள் அதைக் கூழில் தோய்த்துத் தின்றன. நானும் அம்மா வீட்டில் ராத்தங்கிப் பார்த்தேன். அங்கே தூக்கம் வரவில்லை, மெத்தை சரியில்லை என்று அம்மாவோடு சண்டை போட்டுவிட்டு வந்தேன். அது வேறு கதை.

அடுத்த வருஷமும் ஓரகத்தி வந்தாள். பையை வைத்ததும் நேரே தண்ணீர்ப் பானை பக்கம் போனாள். மூக்கைச் சுளித்தாள்.

"இன்னும் இந்த நாத்தத்த வெச்சினுதான் கீறியா? கழுவிடட்டுமா?"

வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரி கூழ் கரைத்துக்கொண்டிருந்தாள். நான் அடுப்பிலிருந்து சாம்பலை ஒரு கொட்டாங்குச்சியில் அள்ளி ஓரகத்தியின் கையில் கொடுத்தேன்.

"கழுவுங்க அக்கா. நல்லா தேய்ச்சுக் கழுவுங்க" என்று சொல்லிவிட்டு, அவள் எதிரிலேயே பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.